தோன்றியதை எப்போது நம்பலாம்?

ஒரு குளத்தில் அல்லி இலைகள் படர்ந்து வருகின்றன. அவை மூடியிருக்கும் பரப்பு நாளுக்கு நாள் இரு மடங்காகிறது. குளம் முழுவதும் மூடிப்போக 48 நாட்கள் ஆகும் என்றால், பாதிக் குளம் மூடிப்போக எத்தனை நாட்கள் ஆகும்? மேலே படிப்பதற்கு முன் ஒரு விடையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலோர் மனத்தில் முதலில் எழும் எண் 24. "பாதி" என்ற சொல்லும் "48" என்ற எண்ணும் கண்ணில் பட்டவுடனேயே, யாரும் அழைக்காமல் அந்த விடை வந்து நின்றுவிடுகிறது. சரியான விடை 47. ஒவ்வொரு நாளும் இரு மடங்காகும் ஒன்று 48ஆம் நாளில் முழுமையடைகிறது என்றால், அதற்கு முந்தைய நாள் அது பாதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளக் கணிதப் புலமை வேண்டியதில்லை. சற்று நின்று, ஒரு நாள் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் போதும். ஷேன் ஃபிரெடெரிக் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட, மூன்றே கேள்விகள் கொண்ட சோதனையில் இதுவும் ஒன்று. பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களின் மாணவர்களிலேயே கணிசமானோர் மூன்றுக்கும் சரியான விடை சொல்லவில்லை.

சிந்தனையில் தானாக வருவது ஒன்று, நாமாக வரவழைக்க வேண்டியது மற்றொன்று என்பதை இந்தப் புதிர் காட்டுகிறது. கீத் ஸ்டானோவிச், ரிச்சர்ட் வெஸ்ட் என்ற இரு உளவியலாளர்கள் 2000ஆம் ஆண்டில் இவற்றை "அமைப்பு 1", "அமைப்பு 2" என்று அழைத்தனர். அந்தப் பெயர்களைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தவர் டேனியல் கானெமன். இங்கே அவற்றை விரைவுச் சிந்தனை, நிதானச் சிந்தனை என்று குறிப்பிடுகிறேன். மூளைக்குள் இரண்டு தனித்தனி அறைகள் இருப்பதாக இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. ஒரே மனம் வேலை செய்யும் இரு விதங்களுக்கு, பேசுவதற்கு வசதியாக வைத்த பெயர்கள் இவை.

விரைவுச் சிந்தனை எவ்வளவு நுட்பமானது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதன் பிழைகளைப் பற்றி மட்டுமே பேசி அதைக் குறைத்து மதிப்பிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. தொலைபேசியில் அம்மா "ஹலோ" என்கிறார். அந்த ஒரு சொல்லிலேயே அவருக்கு ஏதோ வருத்தம் என்பது தெரிந்துவிடுகிறது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் நம்மால் சொல்ல முடியாது. குரலின் சுருதி தாழ்ந்திருந்ததா, சொல்லுக்கு முன் வழக்கமில்லாத ஓர் இடைவெளி இருந்ததா, எதையும் நாம் தனித்துக் கவனிக்கவில்லை. பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய குரலோடு இன்றைய குரலை ஒப்பிட்டு, வேறுபாட்டைக் கண்டு, அதற்குப் பொருளும் கற்பித்து முடித்துவிட்டது மனம். முடிவு மட்டும்தான் நம் கைக்கு வந்தது.

இந்தச் சிந்தனையை நாம் நினைத்தாலும் நிறுத்த முடிவதில்லை. "சிவப்பு" என்ற சொல்லை நீல மையில் எழுதி, எழுத்தின் நிறத்தை மட்டும் சொல்லச் சொன்னால் எவரும் சற்றுத் தடுமாறுவார். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் இதை அளந்து காட்டினார். சொல்லைப் படிக்க வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும், படிக்கப் பழகிய மனம் படித்துவிடுகிறது.

நிதானச் சிந்தனை இதற்கு நேர்மாறானது. 26ஐ 37ஆல் மனக்கணக்காகப் பெருக்கிப் பாருங்கள். 26ஐ முப்பதால் பெருக்கினால் 780. அதை மறந்துவிடாமல் பிடித்துக்கொண்டே 26ஐ ஏழால் பெருக்க வேண்டும். 182 வந்தவுடன், 780 இன்னும் நினைவில் இருக்கிறதா என்று தேடி, இரண்டையும் கூட்டி 962 என்று சொல்ல வேண்டும். இடையில் யாராவது பேசினால் எல்லாம் கலைந்துவிடும். கானெமனும் ஜாக்சன் பீட்டியும் 1966இல் வெளியிட்ட ஆய்வில், நினைவில் நிறுத்த வேண்டிய எண்கள் கூடக்கூடக் கண்ணின் பாவை விரிவதை அளந்தனர். சிந்திக்கும் முயற்சி உடலிலேயே தெரிகிறது.

இந்தச் சிரமத்துக்குக் காரணம், ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தி நிற்கக்கூடிய செய்திகள் மிகக் குறைவாக இருப்பதுதான். ஜார்ஜ் மில்லர் 1956இல் இந்த எண்ணிக்கையை ஏழு, அதற்கு இரண்டு கூடலாம் அல்லது குறையலாம் என்றார். நெல்சன் கோவன் 2001இல் முந்தைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, உண்மையான அளவு நான்குக்கு அருகில்தான் இருக்கும் என்று வாதிட்டார். எந்த எண்ணை ஏற்றாலும், இவ்வளவு சிறிய கையை வைத்துக்கொண்டு மனிதர்கள் இத்தனை பெரிய காரியங்களை எப்படிச் செய்கிறார்கள் என்ற வியப்பு எனக்கு இன்றும் அடங்கவில்லை.

அதற்கான விடையின் பெரும்பகுதி சதுரங்கப் பலகையில் கிடைத்தது. வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், நடுவில் நிற்கும் ஒரு சதுரங்க ஆட்டத்தின் பலகையை ஐந்து வினாடிகள் மட்டும் காட்டிவிட்டு, காய்களை அதே இடங்களில் மீண்டும் அடுக்கச் சொன்னார்கள். இருபதுக்கு மேற்பட்ட காய்கள் இருந்த அந்தப் பலகையில், புதிதாக ஆடப் பழகியவர் நான்கு காய்களைத்தான் சரியாக வைத்தார். தேர்ந்த ஆட்டக்காரரோ ஏறக்குறைய பதினாறு காய்களை வைத்தார். அப்படியென்றால் தேர்ந்தவருக்கு நினைவாற்றல் அதிகம் என்றுதானே தோன்றுகிறது? அடுத்து அவர்கள் செய்ததுதான் முக்கியமானது. அதே எண்ணிக்கையிலான காய்களை, எந்த ஆட்டத்திலும் வர முடியாதபடி தாறுமாறாகப் பரப்பிக் காட்டினார்கள். இப்போது தேர்ந்தவரின் திறன் புதியவரின் அளவுக்கே இறங்கிவிட்டது.

அவரிடம் இருந்தது பெரிய நினைவாற்றல் அல்ல, பழகிய அமைப்புகளின் பெரிய சேமிப்பு. புதியவர் ஒரு சிப்பாய், இன்னொரு சிப்பாய், ஒரு யானை, ஒரு ராஜா என்று நான்கு பொருள்களைக் காணும் இடத்தில், தேர்ந்தவர் "கோட்டை கட்டிய ராஜா" என்ற ஒரே பொருளைக் காண்கிறார். நாமும் இதைச் செய்கிறோம். 194519692000 என்ற பன்னிரண்டு இலக்கங்களை ஒவ்வொன்றாக மனத்தில் நிறுத்துவது கடினம். இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆண்டு, மனிதன் நிலவில் இறங்கிய ஆண்டு, அதன் பின் இரண்டாயிரம் என்று பிரித்துப் பார்த்தவுடன் அவை மூன்றே பொருள்களாகிவிடுகின்றன. மனத்தின் கை பெரிதாகவில்லை. ஒவ்வொரு பிடியிலும் அதிகம் அடங்குகிறது.

உள்ளுணர்வைப் பற்றிச் சைமன் வந்தடைந்த முடிவு இதிலிருந்து பிறந்ததுதான். சூழலில் உள்ள ஓர் அடையாளம் நினைவில் இருக்கும் ஒன்றைத் தூண்டுகிறது. அந்த நினைவு விடையைக் கொண்டுவந்து தருகிறது. ஆகவே உள்ளுணர்வு என்பது அடையாளம் காணுதலே, அதற்கு மேல் எந்த மாயமும் அதில் இல்லை என்றார் அவர். இதை ஏற்றுக்கொண்டால் அதன் பின் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இப்போது எனக்குத் தோன்றுகிற இந்த எண்ணம் எந்த அனுபவத்திலிருந்து வருகிறது?

நினைவில் விடையே இல்லாத புதிய சிக்கல் எதிர்ப்பட்டால் என்ன செய்கிறோம்? சைமனும் ஆலன் நியூவெலும் இதை ஒரு தேடலாகக் கண்டனர். இப்போதிருக்கும் நிலை, சேர வேண்டிய நிலை, இடையில் அனுமதிக்கப்பட்ட நகர்வுகள் ஆகியவை சேர்ந்ததே ஒரு சிக்கல். எல்லா நகர்வுகளையும் முயன்று பார்க்க ஆயுள் போதாது என்பதால், இலக்குக்கும் நமக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் நகர்வு எதுவோ அதையே மனம் நாடுகிறது. இது பெரும்பாலும் நல்ல உத்திதான். ஆனால் புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஆற்றைக் கடத்தும் பழைய புதிரை நினைத்துப் பாருங்கள். படகில் ஒன்றைத்தான் ஏற்றலாம்; ஆள் இல்லாத கரையில் புலி ஆட்டைத் தின்றுவிடும், ஆடு புல்லைத் தின்றுவிடும். முதலில் ஆட்டைக் கொண்டுபோய் விடுவது எல்லோருக்கும் எளிதில் தோன்றும். அடுத்துப் புலியைக் கொண்டுபோனவுடன்தான் சிக்கல் தொடங்குகிறது, ஏனெனில் அக்கரைக்கு ஏற்கெனவே சேர்த்துவிட்ட ஆட்டை மீண்டும் படகில் ஏற்றி இக்கரைக்கே கொண்டுவர வேண்டும். இந்த வகைப் புதிர்களைக் கொண்டு நடந்த ஆய்வுகளிலும், மக்கள் அதிகமாகத் தயங்கியது இலக்கை விட்டு விலகிப்போவதாகத் தோன்றும் இப்படிப்பட்ட நகர்வில்தான்.

பழக்கமும் தடையாகும். ஆப்ரகாம் லூச்சின்ஸ் 1942இல் வெளியிட்ட குடுவைக் கணக்குகளைத் தாளும் பேனாவுமாகச் செய்து பார்ப்பது நல்லது. 21, 127, 3 அளவுகள் கொள்ளும் மூன்று குடுவைகள் உள்ளன. சரியாக 100 அளவு தண்ணீர் வேண்டும். நடுக் குடுவையை நிரப்பி, அதிலிருந்து முதல் குடுவையை ஒரு முறையும் மூன்றாம் குடுவையை இரண்டு முறையும் நிரப்பினால், 127இல் 21 போக 106, அதில் 6 போக 100 மிஞ்சும். இதே வழியில் தீரும் கணக்குகளை அடுத்தடுத்துக் கொடுத்துவிட்டு, பிறகு 23, 49, 3 என்ற குடுவைகளைக் கொடுத்து 20 கேட்டார் லூச்சின்ஸ். பழகிய வழியில் 49இல் 23 போய், 6 போய், 20 வருகிறது. பெரும்பாலோர் அப்படியே செய்தனர். 23இலிருந்து 3ஐ எடுத்தாலே 20 வந்துவிடும் என்பது அவர்கள் கண்ணில் படவில்லை. முந்தைய கணக்குகளைச் செய்யாதவர்களோ அந்த எளிய வழியைத்தான் உடனே கண்டனர். அடுத்து 28, 76, 3 என்ற குடுவைகளில் 25 கேட்டபோது நிலைமை இன்னும் தெளிவாகியது. பழகிய வழி இங்கே 42ஐத் தருகிறது, உதவாது. 28இல் 3 போனால் 25 என்பது ஒரு சிறுவனுக்கும் தெரிந்த கணக்கு. அப்படியிருந்தும், பழக்கத்துக்கு ஆளானவர்களில் பலர் இதைத் தீர்க்க முடியாமல் விட்டுவிட்டனர். அறியாமை அவர்களைத் தடுக்கவில்லை; சற்று முன் கற்ற ஒன்றுதான் தடுத்தது.

பொருள்களைப் பார்க்கும் விதத்திலும் இதே இறுக்கம் உண்டு. ஒரு மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, ஒரு பெட்டி நிறைய அழுத்து ஆணிகள் ஆகியவற்றைக் கொடுத்து, மெழுகுவர்த்தியைச் சுவரில் நிறுத்தச் சொன்னார் கார்ல் டங்க்கர். ஆணிகளைக் கொட்டிவிட்டுப் பெட்டியைச் சுவரில் அறைந்தால் அதுவே தாங்குபலகையாகும். பெட்டி காலியாகத் தனியே வைக்கப்பட்டபோது இந்த வழி எளிதாகத் தோன்றியது. ஆணிகளோடு இருந்தபோது, அது ஆணி வைக்கும் பெட்டியாக மட்டுமே தெரிந்தது.

இந்தப் பிடி தளரும் நேரத்தைத்தான் நாம் "பொறி தட்டியது" என்கிறோம். டெனெரீஃப் தீவில் 1910களில் வோல்ஃப்காங் கோலர் கவனித்த சுல்தான் என்ற சிம்பன்சி, எட்டாத பழத்துக்காக ஒரு குச்சியையும் மற்றொரு குச்சியையும் தனித்தனியே முயன்று தோற்றது. பின்பு குச்சிகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோது ஒன்றின் துளையில் மற்றொன்றைச் செருகி, உடனே ஓடிப்போய்ப் பழத்தை இழுத்துக்கொண்டது. கிரகாம் வாலஸ் 1926இல் இந்த அனுபவத்தை ஆயத்தம், உள்ளே ஊறுதல், ஒளிர்தல், சரிபார்த்தல் என்று நான்கு கட்டங்களாகப் பிரித்தார். நடுவில் உள்ள இரண்டைப் பற்றித்தான் எல்லோரும் விரும்பிப் பேசுகிறார்கள். ஆயத்தம் இல்லாதவருக்குப் பொறி தட்டுவதில்லை என்பதையும், தட்டிய பொறிகளில் பல சரிபார்த்தலில் அணைந்துவிடுகின்றன என்பதையும் அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இதுவரை பார்த்தவை, விடை சரியா தவறா என்று முடிவில் தெரிந்துவிடும் சிக்கல்கள். உறுதியாகத் தெரியாதவற்றைப் பற்றி நாள்தோறும் நாம் செய்யும் மதிப்பீடுகள் வேறு வகை. ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் கானெமனும் 1974இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையையே மாற்றியது. அதில் ஒரு சோதனை: ஐந்து வினாடிகளுக்குள், ஒரு குழுவினர் 1 × 2 × 3 என்று தொடங்கி 8 வரையிலான பெருக்கலையும், மற்றொரு குழுவினர் 8 × 7 × 6 என்று தொடங்கி 1 வரையிலான பெருக்கலையும் உத்தேசமாகச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே பெருக்கல்தான். ஏறுவரிசையைக் கண்டவர்களின் நடு மதிப்பு 512. இறங்குவரிசையைக் கண்டவர்களின் நடு மதிப்பு 2,250. உண்மையான விடை 40,320. முதல் சில படிகளில் கிடைத்த எண்ணை நங்கூரம்போல் பற்றிக்கொண்ட மனம், அதிலிருந்து போதிய தொலைவு நகரவில்லை.

மற்றொரு போக்கு, கடினமான கேள்விக்குப் பதிலாக எளிய கேள்விக்கு விடை சொல்லிவிட்டு, கேட்ட கேள்விக்கே விடை சொன்னதாக நம்பிவிடுவது. "இது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது?" என்று கேட்டால், "இது எவ்வளவு எளிதில் நினைவுக்கு வருகிறது?" என்பதற்கு விடை வருகிறது. விமான விபத்துச் செய்தி வந்த வாரத்தில் வானப் பயணம் திடீரென்று ஆபத்தானதாகத் தோன்றுவது இதனால்தான்.

இவற்றுள் மிகுந்த கேடு விளைவிக்கக்கூடியது, அடிப்படை விகிதத்தை, அதாவது ஒன்று மொத்தத்தில் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதை, மறந்துவிடுவது என்று நான் கருதுகிறேன். ஒரு நோய் நூறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. நோய் உள்ளவர்களில் 80 சதவீதத்தினரைச் சோதனை சரியாகக் கண்டுபிடிக்கும். நோய் இல்லாதவர்களிலும் 9.6 சதவீதத்தினருக்குத் தவறாக நோய் உண்டு என்று காட்டும். ஒருவருக்குச் சோதனை முடிவு "உண்டு" என்று வந்திருக்கிறது. அவருக்கு நோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? டேவிட் எடி 1982இல் எழுதியபடி, இப்படிக் கேட்கப்பட்ட மருத்துவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 95 பேர் 75 சதவீதத்தை ஒட்டிய விடை சொன்னார்கள். சதவீதங்களை விட்டுவிட்டு ஆட்களை எண்ணிப் பார்ப்போம். ஆயிரம் பேரில் நோய் உள்ளவர்கள் 10 பேர். அவர்களில் 8 பேருக்குச் சோதனை "உண்டு" என்கிறது. நோயில்லாத 990 பேரில் ஏறக்குறைய 95 பேருக்கும் அது "உண்டு" என்கிறது. ஆக, "உண்டு" என்ற முடிவோடு கையில் தாளைப் பிடித்து நிற்கும் 103 பேரில் உண்மையில் நோய் உள்ளவர்கள் 8 பேர்தான். 75 எங்கே, 8 எங்கே? இந்த இடைவெளியில் எத்தனை உறக்கமற்ற இரவுகள் இருக்கும் என்று எண்ணும்போதெல்லாம், இந்தக் கணக்கைப் பள்ளியிலேயே ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது. கெர்ட் கிகெரென்சரும் உல்ரிக் ஹாஃப்ராகேயும் 1995இல் காட்டியதுபோல, எண்ணிக்கையாகச் சொல்லும்போது இதே கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்பவர்கள் கணிசமாகக் கூடுகிறார்கள்.

அப்படியானால் உள்ளுணர்வை நம்பலாமா, கூடாதா? தீயணைப்புப் படைத் தலைவர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த கேரி க்ளைன் நம்பலாம் என்ற பக்கம் நின்றார். அவர் பதிவுசெய்த ஒரு நிகழ்வில், ஒரு வீட்டின் சமையலறைத் தீயை அணைத்துக்கொண்டிருந்த படைத் தலைவர், திடீரென்று ஏதோ சரியில்லை என்று தோன்றவே எல்லோரையும் வெளியேறச் சொன்னார். அவர்கள் வெளியேறிய சிறிது நேரத்தில் தரை இடிந்து விழுந்தது. தீயின் மூலம் அடித்தளத்தில், அவர்களின் காலடியில் இருந்தது. தமக்கு ஏதோ அதீத சக்தி இருப்பதாகவே அவர் நம்பினார். க்ளைன் விசாரித்தபோதுதான் விவரம் புலப்பட்டது: தண்ணீர் அடித்தும் தீ அடங்கவில்லை, அறையின் வெப்பம் அந்தத் தீக்கு உரியதைவிட அதிகமாக இருந்தது, தீயின் ஓசையோ இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருந்தது. பழகிய வடிவத்தோடு இது பொருந்தவில்லை என்பதை மனம் கண்டுகொண்டு, காரணத்தைச் சொல்லாமல் எச்சரிக்கையை மட்டும் கொடுத்தது. அம்மாவின் "ஹலோ"வில் நடந்ததும் இதுதான்.

எதிரெதிர்ப் பக்கங்களில் நின்ற க்ளைனும் கானெமனும் சேர்ந்து 2009இல் ஒரு கட்டுரை எழுதினர். உள்ளுணர்வு நம்பத்தக்கதாவதற்கு இரண்டு நிபந்தனைகள் வேண்டும் என்பதில் அவர்கள் உடன்பட்டனர். அந்தத் துறையில் அடையாளங்களுக்கும் விளைவுகளுக்கும் இடையே நிலையான தொடர்பு இருக்க வேண்டும். அந்தத் தொடர்பை நீண்ட காலம் பழகிக் கற்கும் வாய்ப்பும், செய்தது சரியா தவறா என்று விரைவாகத் தெரியும் வசதியும் இருக்க வேண்டும். சதுரங்கத்தில் இரண்டும் உண்டு, தீயணைப்பிலும் பெருமளவு உண்டு. நெடுங்கால அரசியல் கணிப்பிலும், ஒரு பங்கின் விலை எங்கே போகும் என்ற ஊகத்திலும் இவை அநேகமாக இல்லை. அங்கே இருபது ஆண்டு அனுபவம் பேச்சுக்கு உறுதியைத் தரலாம், கணிப்புக்குச் சரியைத் தருவதில்லை. ஒரே மனிதரிடமும் இந்த எல்லை ஓடுகிறது: மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவருக்குத் தம் செயலின் விளைவு சில நிமிடங்களில் தெரிந்துவிடுவதால் அந்தத் தருணத்தில் அவருக்குத் தோன்றுவதை மதிக்கலாம்; அதே மருத்துவர் பத்து ஆண்டுகள் கழித்து நோயாளி எப்படி இருப்பார் என்று சொல்வதற்கு அந்த மதிப்பு தானாகப் போய்ச் சேராது.

இதில் உண்மையான இடர், உறுதியுணர்வு இரு இடங்களிலும் ஒரே மாதிரி இருப்பதுதான். 24 என்று தோன்றியபோதும் அது உறுதியாகத்தான் இருந்தது. உள்ளே எவ்வளவு அழுத்தமாகத் தோன்றினாலும் அந்த அழுத்தத்தை வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது; அது எங்கே பழகியது என்பதை வெளியிலிருந்துதான் விசாரிக்க வேண்டும். இதற்குக் கடந்த காலத்தை நினைவுகூர்ந்தாலும் உதவி குறைவே. பரூக் ஃபிஷ்ஹாஃப் 1975இல் காட்டியபடி, முடிவு தெரிந்தபின் அது முன்னரே எதிர்பார்க்கக்கூடியதாக இருந்ததாக நமக்குத் தோன்றிவிடுகிறது. "எனக்கு அப்போதே தெரியும்" என்று சொல்பவர் பொய் சொல்வதில்லை; அவருடைய நினைவு அப்படித் திருத்தி எழுதப்பட்டுவிட்டது.

ஆகவே தம் உள்ளுணர்வை அறிய விரும்புபவருக்கு ஒரு குறிப்பேடு வேண்டும். முக்கியமான ஒன்றைப் பற்றித் தோன்றும்போது, தேதி, தோன்றியது என்ன, நூற்றுக்கு எத்தனை உறுதி, முடிவு எப்போது தெரியவரும் என்ற நான்கையும் முடிவு தெரிவதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். ஆட்களைப் பற்றியவை, வேலைக்கு ஆகும் காலத்தைப் பற்றியவை, உடல்நலத்தைப் பற்றியவை என்று தனித்தனிப் பக்கங்களில் எழுதினால் இன்னும் நல்லது. சில மாதங்கள் கழித்து, 90 என்று எழுதியவற்றில் எத்தனை நடந்தன என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் பத்துக்கு ஒன்பது நடந்திருக்கும், அடுத்த பக்கத்தில் பத்துக்கு ஐந்துகூட நடந்திருக்காது. இரண்டிலும் 90 என்று எழுதிய கை ஒன்றுதான்.